இசை கேட்கும் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே நாட்டு இசையைக் கேட்பது என்று போன பொதுக்குழுவில் முடிவானது. சீட்டு குலுக்கியதில் மெக்சிகோ வந்தது. “பெரிய தொப்பியும் டிரம்பெட்டும்தானே, மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும்” என்றவர்களில் நானும் ஒருவன். தீரவில்லை.

முதல் கூட்டத்தில் சர்க்கஸ் ஊஞ்சல் ஆட்டத்துக்கு வாசிப்பார்களே, அந்த வால்ட்ஸை (மூன்று எண்ணிக்கை நடன இசை) போட்டு யாருடையது என்று கேட்டோம். ஒட்டுமொத்தமாக, வால்ட்ஸுக்குப் பேர்போன வியன்னாக்காரர் ஸ்ட்ராஸ் என்றார்கள். அது மெக்சிகோவின் ஒத்தோமி பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஹுவென்தினோ ரோசாஸ் எழுதியது. 1894இல் கியூபாவில் இறந்தபோது அவருக்கு வயது 26. பீட்டில்ஸ் பாடியதால் அவர்களுடையது என்று சிலர் சாதித்த ‘பெசாமே முச்சோ’ பாட்டும் மெக்சிகோவின் கோன்சுவேலோ வெலாஸ்கேஸ் எழுதியதே.

அதிகம் பேசப்பட்டது இசையமைப்பாளர் மோன்காயோவின் ‘வாபாங்கோ’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசை. அவரும் இன்னொரு இசையமைப்பாளர் பிளாஸ் காலிந்தோவும் வெராக்ரூஸ் பக்கம் அல்வராடோ என்ற ஊருக்குப் போய் நாட்டுப்பாடல்களைக் குறித்துக்கொள்ளப் பார்த்தார்கள். அங்கிருந்த பாடகர்கள் ஒரு மெட்டை ஒருமுறை பாடியபடி மறுமுறை பாடுவதில்லை, எழுதுவதற்குள் திண்டாடிவிட்டார்களாம். (கச்சேரியில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நிரவலைக் குறிப்பெடுக்கப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும்.) அந்த மெட்டுகளை வைத்து மோன்காயோ எழுதியது 1941இல் மெக்சிகோ நகரின் பெல்யாஸ் ஆர்தெஸ் அரங்கில் அரங்கேறியது. ‘லா பாம்பா’வும் அதே வெராக்ரூஸ் மண்ணின் பாட்டுதான்.

இன்னொரு மெக்சிகோ இசையமைப்பாளர் ரெவுவெல்தாஸின் ஆர்கெஸ்ட்ரா இசை ‘சென்செமாயா’ ஏழு எண்ணிக்கை. மிருதங்கம் கற்கும் நம் உறுப்பினர் மிஸ்ர சாப்பு (நம் ஏழு எண்ணிக்கைத் தாளம், முதலில் மூன்று, அப்புறம் நாலு) என்று குஷியாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தார். அங்கே முதலில் நாலு, அப்புறம் மூன்று. ‘தகிட தகதிமி’யைத் திருப்பிப் போட்டுப் பிடிப்பதற்குள் டியூபா எங்கோ போய்விட்டது.

வானொலிப் பாடல்களை வைக்கலாமா என்பதில் செயற்குழுவில் சண்டை. இதே சண்டை அங்கேயும் நடந்திருக்கிறது. 1990இல் பிரபல பாடகர் ஹுவான் காப்ரியேல் தேசிய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு பெல்யாஸ் ஆர்தெஸில் பாடவிருந்தபோது, சினிமா, ரேடியோப் பாட்டுக்காரருக்கு அந்த மேடையா என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் பாடினார். பதிவைக் கேட்டபின் நம் எதிர்ப்பாளர்களும் அடங்கினார்கள். 1930இல் தொடங்கிய எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலி நிலையத்தையும் பாடலாசிரியர்-இசையமைப்பாளர் அகுஸ்தின் லாராவையும் ஒரே மாலையில் அடக்கியது என் தவறு. இரண்டு கூட்டம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வாடகை ஸ்பீக்கர் இரண்டு முறை காலை வாரியது. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

கடைசிக் கூட்டத்தில் கரண்ட் போனதால் பாதியில் நின்ற, மெக்சிகோ இசையமைப்பாளர் மார்க்கேஸின் ‘தான்சோன் 2’ஐ இப்போது முழுதாகப் போடுகிறோம். சுமார் பத்து நிமிடம்தான். அதுவரை யாரும் டீக்கு எழுந்து போக வேண்டாம்.