அண்ணா சமாதிக்கு ஒருமுறை வா, தம்பி

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் திருமணம் பற்றி நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவைப் படித்தேன். புரோகிதர் வேண்டாம், ஓமம் வேண்டாம், இரு வீட்டார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்பாவுக்கும் முழுச் சம்மதம். அதே கடிதத்தின் கடைசியில், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று இந்த வயதில் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி அண்ணா சமாதிக்குப் போகத்தான் வேண்டுமா, அழகான கடற்கரையை ஏன் இடுகாடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டையும் ஒரே கடிதத்தில் நீ எழுதியதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உன் தாத்தாவும் பாட்டியும் 1951-இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். கழகத்துப் பேச்சாளர் ஒருவர் தலைமை தாங்கினார், தெருவே கூடி நின்றது, மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊரறிந்த கல்யாணம். ஆனால் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கில்லாத இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது. வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு எழுந்தபோது, கல்யாணமே செல்லாதபோது பிள்ளைகளுக்கு எங்கிருந்து பங்கு வரும் என்று உறவுக்காரர் ஒருவர் பாட்டியின் முகத்துக்கு நேரே கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. அதன் பிறகு வெகுகாலம் எந்த உறவினர் விசேஷத்துக்கும் அவர் போனதில்லை என்பார்கள். என் சிறுவயதில் எனக்கு அதன் காரணம் தெரியாது.

அண்ணா 1967 மார்ச்சில் முதலமைச்சரானார். அந்த ஆண்டே இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். அதோடு நிற்கவில்லை. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்த ஒரு வரியில் உன் பாட்டி தலை நிமிர்ந்தார், தம்பி. நானும் பங்குக்கு உரிய பிள்ளையானேன். நீ வரும் மே மாதம் மாலை மாற்றப்போவதும் அதே பிரிவின் கீழ்தான்.

முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட அவர் ஆட்சியில் இல்லை. அதற்குள் இருமொழிக் கொள்கை வந்தது. மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. திருமணச் சட்டத்தோடு சேர்த்து இந்த மூன்றையும்தான் தான் செய்தவையாக அவரே பெருமையோடு எடுத்துச் சொன்னார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்; பணமில்லாததால் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக முடியவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1969 ஜனவரி 14, பொங்கலன்று தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இருபதாவது நாள் அவர் இல்லை. நியூயார்க் வரை போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டும் புற்றுநோய் விடவில்லை. அப்போது அவருக்கு வயது 59.

தறியில் ஓடிக்கொண்டிருந்த நெசவை அப்படியே விட்டுவிட்டுத் தாத்தா லாரி ஏறிச் சென்னைக்குப் போனார். தெற்கிலிருந்து ரயில் கூரையில் ஏறி வந்தவர்கள் பலர் கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டு இறந்த செய்தியைக் கேட்டு, அவர் திரும்பி வரும் வரை பாட்டி சாப்பிடவில்லை. ராஜாஜி மண்டபத்திலிருந்து மெரினா வரை மனிதத் தலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று தாத்தா சொல்வார்.

'எதையும் தாங்கும் இதயம் இங்கே உறங்குகிறது' என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். சட்டப் புத்தகத்தில் இருக்கும் 7ஏ பிரிவுக்கு அவர் எப்படி நன்றி சொல்வார்? கல்லைத் தொட்டு, அணையா விளக்கைப் பார்த்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டுச் சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பாய். எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, உள்ளே அவர் கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கிறதா என்று கேட்பார்கள். அதைப் பார்த்து ஒருபோதும் சிரிக்காதே. தங்களுக்குச் சோறு போட்டவர் இன்னும் இருக்கிறார் என்று நினைக்கும் மனம் அது.

கடற்கரையைப் பற்றி நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்ட் 8 காலை, கலைஞரை அண்ணாவுக்குப் பின்னால் அடக்கம் செய்யலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்னபோது நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதேன். அண்ணனுக்குப் பக்கத்தில்தான் தம்பிக்கு இடம். ஆனால் கடலுக்குள் 134 அடி உயரத்தில் பேனா நினைவுச்சின்னம் என்ற பேச்சு வந்தபோது எனக்கு உடன்பாடில்லை. மீன்பிடிக்கும் இடம் போய்விடும் என்று மீனவர்கள் சொன்னதே எனக்குச் சரியாகப் பட்டது. இனி அந்த மணலில் யாருக்கும் புதிதாக இடம் கேட்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். அதற்காக அங்கே இருக்கும் அண்ணாவை இடுகாட்டுக் கணக்கில் சேர்க்காதே. அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவர்கள் மேல் உனக்குள்ள கோபத்தை அவர்மேல் காட்டாதே.

ஏப்ரல் கடைசியில் வருகிறாய் அல்லவா? விமானம் இறங்கிய மறுநாள் இருவரும் வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு வாருங்கள். அண்ணா சதுக்கம் என்று பலகை போட்ட எந்தப் பஸ்ஸும் வாசலில் கொண்டுபோய் விடும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது என்றாயே, கல்லில் இருப்பதை நீ படித்துக் காட்டு. அவளுடைய பெற்றோருக்கு இந்த முறைத் திருமணம் சட்டப்படி செல்லுமா என்ற கவலை இருக்கும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது இயல்பு. 7ஏ பிரிவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அவர்களுக்குக் கொடு. தாத்தா பாட்டி மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தின் நகலும் இருக்கிறது. திருமணப் பதிவுக்கு என்னென்ன சான்றிதழ்கள் தேவை என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். வாழ்த்துரைக்கு யாரை அழைப்பது என்பதை மட்டும் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா