யார்விக் வைகிங் விழா நண்பர்களுக்கு நன்றி

வைகிங்குகள் என்றால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்; யார்விக் என்பது யார்க்குக்கு அவர்கள் வைத்த பெயர். அவர்களைப்போலவே உடுத்தி, அவர்கள் வாழ்க்கையை நடித்துக் காட்டும் விழா, இங்கிலாந்தின் யார்க் நகரில் நடக்கும் யார்விக் வைகிங் விழா. அதில் இந்த ஆண்டு எங்கள் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

நேரில் ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாயிற்று. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. பிப்ரவரி பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரும் நம்மவர்கள், வாள்சண்டையைப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கூடாரங்களுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டுமே.

முதல் நன்றி, உடுப்பு கொடுத்த குழுவினருக்கு. இது மாறுவேடப் போட்டி இல்லை. ஜிப் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில் கண்ணில் படவே கூடாது. அகழாய்வில் கிடைத்த ஒரு பொருளைக் காட்டி, இதைப் பார்த்துத்தான் செய்தோம் என்று சொல்ல முடிய வேண்டும். கம்பளி அங்கி, லினன் உள்சட்டை, தோல் காலணி என்று எல்லாம் சொந்தமாக வாங்கினால் கையைக் கடிக்கும். புதியவர்களுக்கென்றே ஒரு பெட்டி நிறைய இரவல் உடை வைத்திருக்கிறீர்கள். எனக்கு அங்கி நீளம் என்றதும் ஒரு அம்மா ஓரத்தை அங்கேயே மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

கொம்பு வைத்த தலைக்கவசம் எங்கே என்று மகன் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஒன்று வைகிங் காலத்திலிருந்து கிடைத்ததே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் மேடை நாடகங்கள் பரப்பிய கற்பனை அது, மான் கொம்பு கிடைத்தால் சீப்புதான் செய்தார்கள் என்று ஒரு சீப்பை எடுத்துக் காட்டினீர்கள். அவனுக்கு ஏமாற்றம்தான்!

காலுறை பின்னிக்கொண்டிருந்த பெண்மணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் யார்க் தொல்லியல் அறக்கட்டளை தோண்டியபோது, ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் மரமும் தோலும் துணியும் மக்காமல் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஒரு கம்பளிக் காலுறை. (1984இல் யார்விக் மையம் என்ற அருங்காட்சியகம் எழுந்ததும் அந்த இடத்தில்தான்.) அந்தக் காலுறையின் முறையில்தான் அவரும் பின்னுகிறார். நாம் ஸ்வெட்டர் பின்னுவதுபோல் இரண்டு ஊசி கிடையாது. கட்டைவிரலில் கண்ணியை மாட்டிக்கொண்டு, ஒரே ஊசியால் நூல் முழுவதையும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இழுக்க வேண்டும். அதனால் நூல் குட்டையாகத்தான் இருக்கும். தீர்ந்ததும் பழைய நுனியையும் புது நுனியையும் பிரித்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறார். ஒட்டிக்கொள்கிறது, முடிச்சே இல்லை. நடுவில் அறுந்தாலும் பின்னல் சரசரவென்று அவிழாது. "எச்சிலா?" என்று முகம் சுளித்த என் மகள், கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கோணல் கண்ணிகளைப் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தீர்கள், அம்மா.

கிளிஃபர்ட்ஸ் டவர் என்ற பழைய கோட்டைக் கோபுரத்தின் பக்கம் சண்டை போட்டுக் காட்டிய வீரர்களுக்கும் நன்றி. வாள் மழுங்கல்தான், ஆனால் இரும்பு இரும்புதானே. ஒவ்வொரு வாளின் விளிம்பையும் விரலால் தடவி, பிசிறு இருந்தால் ஒதுக்கி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் குளிரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைச் சமாளித்த தன்னார்வலர்களை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களுக்கு இரண்டு மடங்கு நன்றி.

அப்புறம், மரக்கிண்ணம் கடைந்துகொண்டிருந்த பெரியவர். வைகிங்குகள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பிள்ளைகள் கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. 866இல் படையோடு வந்து இந்த ஊரைப் பிடித்ததையும், ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றதையும் சொன்னார். பிறகு இதே ஊரில் குடியமர்ந்து சீப்பும் செருப்பும் கிண்ணமும் செய்து பிழைத்ததையும் சொன்னார். விழா என்றால் பெருமை மட்டும்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அங்கியை வாஷிங் மெஷினில் போடாதே என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். போடவில்லை. காற்றாட உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன், அடுத்த பயிற்சிக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
யார்க்கிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்