தமிழ்ச் சங்கச் செயலாளர் அறிக்கை: 2023-24

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை தேவையான ஆள் சேராமல் டீயோடு கலைந்தது. சரஸ்வதி பூஜையும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் டாக்டர் வராததால் நடக்கவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு வராதவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2023 ஜூன் 20 அன்று நம் மும்பை விளம்பரக்காரர் சில்வெஸ்டர் டகுன்யா காலமானார். புள்ளி கவுன் போட்ட அமுல் வெண்ணெய்ப் பாப்பாவை ஊருக்குத் தந்தவர். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி ஒரு மாலை பேசலாம் என்றேன். "தமிழ்ச் சங்கத்துக்கும் வெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். ஆபீஸ் போகிற வழியில் அமுல் விளம்பரப் போர்டைப் பார்த்து வருஷக்கணக்காகச் சிரித்தவர்தான் அவரும்.

1966-ல் டகுன்யா அப்போது வேலை பார்த்த ஏஜென்சிக்கு அமுல் வந்தபோது, பம்பாயில் வெண்ணெய் என்றால் போல்சன் கம்பெனி வெண்ணெய்தான். டிவி விளம்பரமே இல்லாத காலம். ஹோர்டிங்குகளைப் பெயிண்டர்கள் கையால் வரைவார்கள். அதனால் வரையச் சுலபமான, பார்த்தால் மறக்காத ஒரு வாண்டுப் பெண் வேண்டும் என்றார் அமுலை நடத்திய வர்கீஸ் குரியன். ஏஜென்சியின் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்து கொடுத்தார். வரையச் சுலபமா என்று சோதிக்க, நம் காலனியின் எட்டாம் வகுப்புப் பையனிடம் சார்ட் பேப்பரைக் கொடுத்தேன். பத்தே நிமிடம். தலைமுடிக்கு நீல ஸ்கெட்ச் பேனா பாதியில் தீர்ந்துபோனதால் மீதியைக் கறுப்பில் முடித்தான். அப்படியும் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

'அட்டர்லி பட்டர்லி' என்ற விளம்பர வரிக்கு யோசனை சொன்னவர் டகுன்யாவின் மனைவி நிஷா. 'பட்டர்லி' என்று இங்கிலீஷில் ஒரு சொல்லே கிடையாது. ஆனாலும் போட்டார்கள். 1969-ல் டகுன்யா சொந்தமாக ஏஜென்சி தொடங்கினார். அமுலும் கூடவே வந்தது. ஹரே கிருஷ்ணா பஜனை பரவிய சமயத்தில் 'ஹர்ரி அமுல், ஹர்ரி ஹர்ரி' என்று போர்டு வைத்தார்கள். இப்படி அன்றன்றைய சேதியைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு போர்டுக்கும் குரியனிடம் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்பதுதான்.

நம் கூட்டத்துக்கு ஒரே ஒரு பேனர். சங்கத்தின் பெயர் பெரிதாக வருவதா, தலைவர் பெயரா என்று மூன்று வாரம் இழுத்தது. கூட்டம் முடிந்த மறுநாள் பேனர் வந்தது.

வந்தவர்கள் பதினேழு பேர். அதில் இருவர் பார்க்கிங் தகராறு பேச வந்தவர்கள். சுண்டலுக்குப் பதில் பிரெட்டும் வெண்ணெயும் வைத்தது என் யோசனை. மிச்சத்தை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வெண்ணெய்க்கான ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. விவரம் தணிக்கைக்குப் பின் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். சந்தா பாக்கி நாற்பத்து மூன்று பேர். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார், சரி. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், இடம் தந்த சொசைட்டி, நாற்காலி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

டகுன்யா 1990-களில் தன் வேலையை மகன் ராகுலிடம் ஒப்படைத்தார்; போர்டு இன்றும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் ஒப்படைக்க ஆசைதான், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் யாராவது முன்வந்தால் பீரோ சாவியை இன்றே தருகிறேன். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் நானேதான். கூட்டத்தின் பொருளையும் நானேதான் முடிவு செய்வேன்.

ஞாயிறுதோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அலுவலகத்தில் இருப்பேன். சந்தா கட்ட வருகிறவர்கள் அந்தச் சார்ட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

செயலாளர்