எங்கள் 'லைட் சேர்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் திருகோணமலையில் காலமான ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைப் பற்றி உங்கள் பத்திரிகையில் சிறிய செய்தி ஒன்று வந்திருந்தது. எங்கெங்கே படிப்பித்தார், எத்தனை பிள்ளைகள், இறுதிக்கிரியை எப்போது என்பதெல்லாம் இருந்தது. ஆனால் வேலையை விட்ட பிறகு கடைசிவரை நாடக மேடைக்குப் பின்னால் அவர் பார்த்த வேலை பற்றி ஒரு சொல்கூட இல்லை. வீட்டார் கொடுத்ததைத்தானே போட்டிருப்பீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தில் மேடையேறிய எங்கள் எல்லாருக்கும் அவர் 'லைட் சேர்', மேடை லைட் பார்க்கிற ஆசிரியர். அதை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகள் பழகிய நாடகத்துக்கு மைக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டதில்தான் தொடங்கியது. மைக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று முழு ஒத்திகையையும் பார்த்தாராம். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அங்கேதான். வயது வருமுன்பே ஓய்வு எடுத்தபோது, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுத் திரை இழுக்கப் போகிறாரே என்று ஊரில் பேசாத ஆள் இல்லை.

அவருடைய உப்புத் தண்ணீர் டிம்மரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. லைட்டை மெல்ல மெல்ல மங்கச் செய்யும் கருவி வாங்க எந்தக் குழுவிடமும் காசு இல்லாத காலம் அது. ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் சாடியில் தண்ணீர் நிரப்பி, நிலாவெளி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அடியில் ஒரு செப்புத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு, இரண்டையும் லைட்டுக்குப் போகும் வயரோடு தொடுப்பார். மேல்தகடு கீழே இறங்க இறங்க வெளிச்சம் கூடும், தூக்கத் தூக்கக் குறையும். உப்பு குறைந்தால் லைட் சரியாக எரியாது, கூடினால் தகடு தண்ணீரைத் தொட்டதுமே பளிச்சென்று அடித்துவிடும். நேரம் போகத் தண்ணீர் சூடேறி, தகட்டை அசைக்காமலே வெளிச்சம் கூடிவிடும், அதனால் கடைசிக் காட்சிகளில் கயிற்றைக் கொஞ்சம் மேலே பிடிப்பார். வகுப்பில் மின்தடை படிப்பித்தபோது விளங்காதது அந்தச் சாடியைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. 230 வோல்ட் கரண்ட் ஓடும் தண்ணீர், அதனால் மாணவர் யாரையும் கிட்ட விடமாட்டார், தான் மட்டும் இறப்பர் செருப்போடு காய்ந்த பலகையில் நிற்பார். பிறகு மின்னணு டிம்மர் வாடகைக்குக் கிடைத்த உடனே அந்தச் சாடியைத் தானே தூக்கி ஒதுக்கி வைத்துவிட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்க்கவேண்டாம்.

யுத்த காலத்தில் குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூருக்கு லாஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், போவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாப் பக்கம் போகவும் படகுதான். வயர், பற்றரி, டோர்ச் எல்லாம் நிறைந்த பெட்டியோடு காவலரணைத் தாண்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பொறுமையாக விளங்கப்படுத்துவார். துப்பாக்கி மாதிரி எதையும் செய்து கொண்டுபோக மட்டும் ஒருநாளும் சம்மதித்ததில்லை. எங்கள் நாடகத்தில் வந்த சிப்பாய் கையில் வெறும் தடிதான் இருந்தது. "தம்பி, நீ பிடிக்கிற பிடியில சனத்துக்கு விளங்கவேணும்" என்றார், சனத்துக்கும் விளங்கியது.

ஒப்பனையிலும் அதே கவனம். முகத்தில் பூசும் முத்துவெள்ளையோ மீசை ஒட்டும் பசையோ, எதுவானாலும் முதல்நாளே பிள்ளையின் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பார்ப்பார். சிவந்தால் அந்தப் பிள்ளைக்கு மீசை இல்லை, நெறியாளர் எவ்வளவு கத்தினாலும் இல்லை.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் கூத்து ஆடிய காலத்தில் நாலு பக்கமும் சனம் இருக்கும், பின்மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் எல்லார் கண்ணுக்கும் முன்னால். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார், அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் மேடை அப்படி மாறியபோது ஒளியும் ஒப்பனையும் திரையும் பார்க்கிறவர்கள் இல்லாமல் நாடகமே நடக்காது என்ற நிலையும் வந்ததே, அவர்களைப் பற்றி நாங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? நாடக விமர்சனங்களில் எழுதியவர், நெறியாள்கை செய்தவர், நடித்தவர் பெயர் வரும், கடைசியில் 'ஒளியமைப்பும் நன்று' என்று முடிந்துவிடும். யார் ஒளியமைப்பு என்று ஒரு பெயர் போட எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஆகவே ஆசிரியர் அவர்களே, இனி உங்கள் நாடகச் செய்திகளில் ஒளி, ஒப்பனை, காட்சியமைப்பு, மேடை முகாமை பார்த்தவர்களின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். சேர் எழுதிவைத்த கொப்பிகள் வீட்டில் இருக்கின்றன, எந்தக் காட்சிக்கு எந்த நிறத் தாள், எந்த வசனத்தில் லைட் குறையவேண்டும் என்று பென்சிலால் எழுதியவை, சிலது கறையான் அரித்துவிட்டது. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அவை நேரடியாக உதவும். பல்கலைக்கழக வளாகத்திலோ நூலகத்திலோ யாராவது பொறுப்பெடுத்து ஸ்கேன் பண்ண முன்வந்தால் வீட்டாரோடு பேசிக் கொப்பிகளை நானே கொண்டுவந்து தருகிறேன். மழைக்கு முன் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
உப்புவெளி, திருகோணமலை.