சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் உள்ள ஒரு தமிழ் வீட்டில் நான்கு கைத்தொலைபேசிகள் இருந்தால், அந்த நான்கு சிம் அட்டைகளும் பாவிப்பவர்களின் பெயரிலேயே இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். அம்மா பாவிக்கும் சிம், கனடாவுக்குப் போய்விட்ட மகனின் பெயரில் இருக்கும். அப்பம்மாவின் சிம், காலமான அப்பப்பாவின் பெயரில் இருக்கும். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் நிற்கும் இளைஞனின் சிம் முதலாளியின் பெயரில் இருக்கும். வீதியோரக் குடையின் கீழ் அவசரமாக வாங்கிய சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவானது என்பது வாங்கியவருக்கே தெரியாது.

சிம் வேலை செய்யும்வரை இதனால் ஒரு தொல்லையும் வராது. தொலைபேசி களவு போன அன்றோ, அட்டை பழுதாகிய அன்றோதான் விடயம் வெளிவரும். மாற்று சிம் எடுக்கச் சேவை நிலையத்துக்குப் போனால், பதிவுப் பெயருக்கு உரியவர் தேசிய அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும் என்பார்கள். அந்த விதி சரியானது. அது இல்லாவிட்டால் யாரும் யாருடைய எண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் டொரொண்டோவில் இருப்பவரை வெள்ளவத்தைக்கு எப்படி அழைப்பது? இறந்தவரை எங்கிருந்து கூட்டிவருவது?

முன்பு தொலைபேசி எண் கதைப்பதற்கு மட்டுமே இருந்தது. இன்று அது வீட்டின் திறப்பு. வங்கியிலிருந்து காசு மாற்றும்போது வரும் ஒருமுறைக் கடவு எண், வட்ஸ்அப்பின் பதிவுக் குறியீடு, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தால் வரும் குறியீடு எல்லாம் அந்த ஒரே சிம்முக்குத்தான் வருகின்றன. பாடசாலையின் அறிவித்தலும் அதே எண்ணுக்குத்தான். எண் கைவிட்டுப் போனால், கணக்கில் காசு இருந்தும் எடுக்க வழியில்லாமல் நிற்க வேண்டும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பெயரைச் சரிபார்ப்பது. சிம்மின் பதிவு விபரத்தைப் பார்க்க #132# என்று அழைக்கலாம். இரண்டு சிம் போடும் தொலைபேசியானால் ஒவ்வொரு சிம்மிலிருந்தும் தனித்தனியாக அழைக்க வேண்டும். எந்த சிம்மிலிருந்து அழைப்பு போகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் தவறுவது இங்கேதான். சேவை நிலையத்துக்குப் போகும்போது, உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் வேறு என்னென்ன இணைப்புகள் பதிவாகியுள்ளன என்றும் கேளுங்கள். தெரியாத எண் ஏதும் இருந்தால் எழுத்தில் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லி, திகதியிட்ட பிரதியொன்றை வாங்கி வையுங்கள். அந்த எண்ணை வைத்து யாராவது மோசடி செய்தால், விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் நீங்கள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீண்டகாலப் பாவனையாளர்களின் சிம், பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட எண்ணில் பதிவாகியிருக்கும். 2016க்குப் பிந்திய புதிய அட்டையில் 12 இலக்கங்கள். பழைய அட்டையைத் தொலைத்துப் புதியது எடுத்தவருக்கு, "இந்த இலக்கத்தில் உங்களுக்கு இணைப்பு எதுவும் இல்லை" என்ற பதில் கிடைக்கலாம். பயப்பட வேண்டாம். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் புதிய எண் வரும். 651234567வி என்பது 196512304567 ஆகும். இரண்டு வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், இரண்டிலும் தேடச் சொல்லுங்கள்.

எந்த நிறுவனத்தின் நிலையத்துக்குப் போவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 072 எண்கள் முன்பு எடிசலாட் நிறுவனத்துடையவை. 2018இல் அது ஹட்ச்சுடன் இணைந்தது. 075 எயார்டெல்லுடையது. அது 2024இல் டயலொக்குடன் இணைந்தது. பழைய பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம்.

பெயர் மாற்றுவதற்குச் சிறந்த நேரம், பதிவுக்காரர் உயிரோடும் நாட்டோடும் இருக்கும் நேரம். கொடுப்பவரும் எடுப்பவரும் இருவருடைய அடையாள அட்டைகளுடனும் அந்த சிம்முடனும் ஒன்றாகச் சேவை நிலையத்துக்குப் போவதுதான் மிக எளிய வழி. வெளிநாடு போகிறவர்களின் வீட்டில் பயணப் பையைக் கட்டுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். போகிறவர் தன்னுடைய இலங்கை வங்கிக் கணக்குக்கான எண்ணைத் தன்னோடு கொண்டுபோகிறார் என்றால், இங்கே ஒருவர் அதற்கு நாள் தவறாமல் ரீலோட் போடவேண்டும். முற்கொடுப்பனவு சிம் ரீலோட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் துண்டிக்கப்படும். எத்தனை நாள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஆகவே வாங்கிய நிலையத்திலேயே கேட்டு அட்டையின் மேல் எழுதி ஒட்டி வையுங்கள்.

துண்டிக்கப்பட்ட எண் சும்மா கிடப்பதில்லை. 077, 071 போன்ற ஒவ்வொரு முன்னிலக்கத்துக்கும் பின்னால் ஏழு இலக்கங்களே உள்ளன. அதாவது ஒரு முன்னிலக்கத்தில் ஒரு கோடி எண்களுக்கு மேல் கிடையாது. பாவிக்கப்படாத எண் சில காலத்தின் பின் வேறொருவருக்கு விற்கப்படும். அந்தப் புதியவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் வங்கியின் கடவு எண் அவருடைய தொலைபேசியில் ஒலிக்கும், உங்கள் வட்ஸ்அப் எண்ணில் அவர் தன் கணக்கைத் திறப்பார், உறவினர்கள் அவரிடம் உங்கள் வீட்டு விடயம் கதைப்பார்கள். எண்ணைக் கைவிடுவதற்கு முன், அது கட்டப்பட்டிருக்கும் இடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அதை அவிழ்க்க வேண்டும். வங்கியிலும் மின்னஞ்சலிலும் முதலில், பிறகு காப்புறுதி, பாடசாலை, மின்சாரப் பட்டியல். வட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் கணக்குப் பகுதியில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட்டால் அரட்டைகளும் குழுக்களும் புதிய எண்ணோடு வந்துவிடும்.

பதிவுக்காரர் இறந்துவிட்ட வீடுகளின் நிலைதான் மிகக் கடினம். இறப்புச் சான்றிதழ், உறவை நிறுவும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ், சில வேளைகளில் சமாதான நீதவான் முன் கொடுத்த சத்தியக்கடதாசி என்று கேட்கப்படலாம். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். வயதான ஒரு பெண்ணுக்கு அது இன்னொரு முச்சக்கரவண்டிக் கூலி. புறப்படுவதற்கு முன் நிறுவனத்தை அழைத்து, என்னென்ன பத்திரம், மூலமா பிரதியா என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைப்பது நல்லது. வங்கியில் மட்டுமே அந்த எண் கட்டப்பட்டிருந்தால், எண்ணை மீட்க அலைவதைவிட உங்கள் பெயரில் புதிய சிம் எடுத்து, கணக்கு உரிமையாளர் வங்கிக்குப் போய் எண்ணை மாற்றுவது விரைவானது. முப்பது வருட உறவுகள் அனைத்தும் அறிந்த எண் என்றால் மீட்கத்தான் வேண்டும்.

களவு போனால் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு முக்கியம். முதலில் இன்னொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், அதன் பிறகே வங்கி, அதன் பிறகு பொலிஸ். திரைப்பூட்டு போட்டிருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. கள்வன் சிம்மைக் கழற்றி வேறு தொலைபேசியில் போட்டால் எல்லாக் குறியீடுகளும் அவனுக்கு வரும். இதைத் தடுப்பது சிம்முக்கே இடும் பின் (PIN) எண் என்ற இரகசிய இலக்கம். அண்ட்ரொய்ட் தொலைபேசியில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சிம் பூட்டு என்ற இடத்திலும், ஐபோனில் கைபேசி இணைப்பு அமைப்புகளுக்குள்ளும் இது இருக்கிறது. முன்பே இடப்பட்ட பின் எண்ணை ஊகித்துப் போடவேண்டாம். மூன்று முறை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க பக் (PUK) எண் என்ற திறப்பு இலக்கம் வேண்டும். பக் எண்ணையும் பத்து முறை பிழைத்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். சிம் பொருத்தப்பட்டு வந்த பெரிய பிளாஸ்ரிக் அட்டையில் பக் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை எறியாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (தொலைபேசிக்கே உரிய அடையாள இலக்கம்) அதே அட்டையோடு எழுதி வையுங்கள். இரண்டு சிம் தொலைபேசியில் அவை இரண்டாக இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டுக்கு இரண்டும் தேவை.

இவ்வளவும் குடும்பங்கள் செய்யக்கூடியவை. செய்ய வேண்டியவை என்று அவர்களுக்குத் தமிழில் யார் சொல்வது?

துண்டிப்பு அறிவித்தல், விதிமுறை மாற்றம், வங்கியின் எச்சரிக்கை என்று கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வருகிறது. இதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று கலந்துவிட்டால் முழுச் செய்தியும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறி, எல்லை 70 ஆகச் சுருங்கும். அதிலும் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். "உங்கள் சிம் 30 நாட்களில் துண்டிக்கப்படும்" என்ற வாக்கியத்தில் நம் கண்ணுக்குத் தெரிவன 20 தமிழ் எழுத்துகளும் 2 இலக்கங்களும் 4 இடைவெளிகளும். வலையமைப்பின் கணக்கில் அது 41. மிச்சம் 29க்குள் என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்ல முடியாது. நீண்டால் செய்தி துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 67. மொத்தமாகக் குறுஞ்செய்தி வாங்கி அனுப்பும் வங்கிக்குத் துண்டுக் கணக்கில்தான் கட்டணம். வலையமைப்பின் கணக்கில் 200 எழுத்து நீளமான ஒரு செய்தி ஆங்கிலத்தில் இரண்டு துண்டு, தமிழில் மூன்று.

தீர்வு இல்லாமல் இல்லை. கைத்தொலைபேசிகளுக்கான சர்வதேசத் தரத்தில் தமிழுக்கென்று தனி எழுத்து அட்டவணை ஏற்கெனவே உண்டு. அதைப் பாவித்தால் ஒரு செய்தியில் இரு மடங்குக்கு மேல் தமிழ் கொள்ளும். அனுப்பும் வலையமைப்பும் பெறும் தொலைபேசியும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும் என்பதால் அது நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. அதுவரை, துண்டிப்பு போன்ற பாரதூரமான அறிவித்தலைத் தமிழில் பதிவுசெய்த குரல் அழைப்பாக அனுப்பலாம். வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் அது போய்ச் சேரும்.

ரீலோட் போடும் ஒவ்வொருவரும் 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம் வற் வரி கட்டுகிறார். தொலைத்தொடர்பு வரி வேறு. எந்த மொழி பேசுகிறவரானாலும் வரி ஒன்றே. அறிவித்தலும் அவ்வாறே இருக்க வேண்டும். அரசியலமைப்பின் மொழி ஏற்பாடுகள் அரச அலுவலகங்களைக் கட்டுப்படுத்துபவை, தனியார் நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாதவை என்ற பதில் வரும். ஆனால் இந்த நிறுவனங்கள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று இயங்குபவை. உரிமத்தின் நிபந்தனையாக மொழியை எழுதலாம்.

ஆகவே கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். இறந்தவர், வெளிநாட்டிலுள்ளவர் ஆகியோரின் சிம்மைப் பெயர் மாற்றத் தேவையான பத்திரங்களின் பட்டியல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அது மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு சேவை நிலையத்தின் சுவரிலும் தொங்கட்டும். வெளிநாட்டிலிருப்பவர், அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்திய கடிதத்தின் மூலம் சிம்மைக் கையளிக்க வழி செய்யப்படட்டும். துண்டிக்கப்பட்ட எண் மீண்டும் விற்கப்படுவதற்கு முன் எத்தனை மாதம் ஓய்வில் இருக்கும் என்பது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, அந்த எண்களின் பட்டியல் வங்கிகளுக்குப் போகட்டும். துண்டிப்புக்கு முந்திய அறிவித்தல், பதிவின்போது பாவனையாளர் தெரிவுசெய்த மொழியில், குறைந்தது மூன்று தடவை வரட்டும்.

அந்த அறிவித்தலில் இணைப்பு எதுவும் இருக்கக்கூடாது, கடவு எண் எதையும் கேட்கவும் கூடாது. "உங்கள் சிம் துண்டிக்கப்படப் போகிறது, இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று மோசடிக்காரரும் தமிழில்தான் அழைக்கிறார்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் தொலைபேசியை வைத்துவிட்டு, நிறுவனத்தின் எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள். இலக்கத்தைச் சொல்லிவிட்டீர்களானால் அதே நிமிடம் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், பிறகு 101ஐ அழைத்து இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவிடம் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பாவனையாளர்கள் சிலர்,
கொழும்பு 06