ஆனித் தேரும் அறுநூறு மீட்டர் ஃபைபரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

சென்னையில் ஒரு ஷிஃப்டுக்கு நாலு இன்ஜினியர் என்று எழுதியிருந்தாய். இங்கே திருநெல்வேலியில், நம்ம லோக்கல் கேபிள் சேனலில், டிஷ், சர்வர், ஃபைபர் என்கிற கண்ணாடி இழைக் கேபிள், யுபிஎஸ், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் நான் ஒருத்தன்தான். உதவிக்கு இருந்த இரண்டு பையன்களில் ஒருத்தன் கோயம்புத்தூர் போய்விட்டான். அவன் ஃபைபர் ஒட்டினால் ஒட்டின இடமே தெரியாது. அவ்வளவு நல்ல கை. மனசு கேட்கவில்லை.

சரி, தேர் விஷயத்துக்கு வருகிறேன். தேர் போக ரத வீதிகளில் குறுக்கே தொங்குகிற வயரை எல்லாம் கழற்றிவிடுவார்கள். நம்ம கேபிளும் அதில் சேர்த்தி. எந்தக் கேபிளில் லைவ் வர வேண்டுமோ அதையே கழற்றியாக வேண்டும். அதனால் போன வருஷம் மொபைல் டேட்டாவில் படம் அனுப்புகிற பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். விடியற்காலையில் அருமையாக வந்தது. வடம் பிடிக்கக் கூட்டம் சேரச் சேர, ஆளுக்கொரு போன், டவர் திணறிவிட்டது. சுவாமி தேர் நிலையை விட்டு நகர்கிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. டவுனில் படியிறங்க முடியாத ஒரு ஆச்சி போன் போட்டு, "எய்யா, தேர் நகந்துட்டா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த வருஷம் ஒரு வாரம் முன்பே இறங்கிவிட்டேன். தேர் வீதிக்குள் சுற்றட்டும், நம் லைன் வீதிக்கு வெளியே சுற்றட்டும் என்று முடிவு செய்தேன். கடைகளின் பின்பக்கச் சந்து, மொட்டை மாடி, மறுபடியும் சந்து என்று 600 மீட்டர். எந்த இடத்திலும் ரத வீதியைத் தாண்டவில்லை. தேர் நகரும்போது கரண்டையும் நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அதற்காக இரண்டு பேட்டரியை மூன்று மாடி தூக்கினோம். முக்கில் தேர் திரும்பும்போது, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவரின் விரல்கூடத் திரையில் தெரிந்தது. ஐந்து தேரும் நிலைக்கு வரும்வரை ஒரு தடவைகூடப் படம் உடையவில்லை. அன்றைக்கு ஆச்சிக்கு நானே போன் போட்டேன்.

மற்றபடி வழக்கமான பாடுதான். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும்போது, உச்சி வேளையில் சில நிமிஷம் சேனல்கள் கட்டம் கட்டமாக உடையும். உனக்கும் அது உண்டு. ஆனால் உன்னை யாரும் பால் கடையில் வைத்துக் கேட்கமாட்டார்கள். எனக்கு அப்படிக் கேட்பது பிடித்திருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி கரை புரண்டது. பெரிய சேனல்கள் ஜங்ஷனைக் காட்டின. நாங்கள் தெருத்தெருவாகக் காட்டினோம். கரண்ட் இல்லாத வீட்டில் டிவி ஏது? யூடியூபிலும் விட்டோம். துபாயில் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் அம்மா வீட்டு வாசலில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். அந்த மூன்று நாளும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன்.

அடுத்த ஆனிக்கு லீவு போட்டுவிட்டு வா. இன்னொரு கேமரா மேற்கு ரத வீதியில் வைக்க ஆசை. அதற்கும் லைன் இழுக்க வேண்டும், ஃபைபர் ஒட்டுகிற உன் ஸ்ப்ளைஸிங் மெஷினையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்