கறுத்தக்கொழும்பான் தறித்தாச்சு

மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவாய், திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் பழையபடிதான். இப்போது எழுதுவது அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்காக. போன சனிக்கிழமை தறித்தாச்சு. அடிமரம் கோறை, காற்றுக்கு வீட்டின் மேல் சாயும் என்றார்கள். அப்பாவின் செத்தவீட்டுப் பந்தல் அதன் கீழேதான் போட்டது, உனக்கு நினைவிருக்கும்.

வாள் பட்டதும் பால் வடிந்து, வளவு முழுக்கப் பச்சை மாங்காய் மணம், கொஞ்சம் டர்பன்டைன் கலந்த மாதிரி. கிணற்றடியில் நின்றாலும் மூக்கில் ஏறியது. ஒழுங்கை முடக்குக்குப் போனால் ஒன்றுமில்லை. காற்றில் ஐதாகிவிட்டது என்பாய். சரி, பெரும்பாலும் அதுதான். ஆனால் ஓசோனும் தின்கிறது!

சிரிக்காதே. அந்த மணத்தில் பெரும்பகுதி டெர்பீன்கள், செடிகொடிகள் விடுகிற மணச் சேர்வைகள், இரண்டு காபன் அணுவை இரட்டையாகக் கட்டும் பிணைப்பு உள்ள சாமான், ஓசோன் வந்து அந்தப் பிணைப்பிலேயே வெட்டும், சிலதுக்கு நிமிடக் கணக்கு, சிலதுக்கு மணிக் கணக்கு. வெட்டினால் ஒரு துண்டு அல்டிகைட்டோ கீற்றோனோ என்கிற சாதாரண சேர்வை, மற்றத் துண்டுதான் கிரிகே இடைநிலை, கண நேரமே நிற்கும் சாமான். ஜேர்மன் இரசாயனவியலாளர் ருடோல்ஃப் கிரிகே 1949இல் இப்படி ஒன்று இருக்கவேண்டும் என்றார், அதை ஆய்வுகூடத்தில் பிடித்து வைத்து அதன் தாக்க வேகத்தை நேரே அளந்ததோ 2012இல். அறுபது வருடத்துக்கு மேல் கடதாசியிலேயே இருந்திருக்கிறது, நீ எனக்குத் தரவேண்டிய காசு மாதிரி.

முசுறு கடித்தால் எரியுமே, அந்த மெதனோயிக் அமிலம் காற்றிலும் ஆவியாக இருக்கிறது, வினாகிரி அமிலமும் இருக்கிறது. கிரிகே துண்டு இவற்றில் முட்டினால் ஏறக்குறைய முட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொள்ளும். பாரமான துண்டாக இருந்தால் ஒட்டிப் பிறப்பது ஆவியாக நிற்காது, நுண்துகளில் படியும். அப்படித் துகள் பெருப்பதும் காட்டுக்கு மேலே தெரியும் நீலப் புகாருக்கு ஒரு காரணம், முகில் துளிக்கும் அந்தத் துகள் வித்தாகும். எங்கள் புழுக்கத்தில் நீராவி முந்திக்கொண்டு சின்னத் துண்டுகளைப் பிடித்துவிடும், நீருக்கு மசியாத சில வடிவங்கள்தான் அமிலம் வரை தப்பிப் போகும்.

இதை ஏன் சேர் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை? படிப்பித்திருப்பார், நாங்கள் தவளை விஷயத்தில் வெளியே நின்றிருப்போம்.

குற்றிகளை விறகுக்கு அடுக்கியாச்சு. நீ பேனாக்கத்தியால் இரண்டு பெயர் வெட்டின துண்டு மட்டும் தனியே கிடக்கிறது. உன் மனுசியின் பெயர் அதில் இல்லை, அதனால் படம் அனுப்பவில்லை.

உன்
கடைசி வாங்குக்காரன்